நண்பர்களோடு பதின்மூன்று சீட்டு ரம்மி: புதிதாகக் கற்பவர்கள் கேட்கும் கேள்விகள்

ரம்மியின் விதிகளைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஆனாலும் புதிதாக உட்காருபவர் முதல் நாலைந்து ஆட்டத்திலும் தோற்றவருக்கு எழுதும் உச்சப் புள்ளியான 80 வாங்கிக்கொண்டு எழுவார். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: ஒரிஜினல், அதாவது ஜோக்கர் துணையில்லாத வரிசை, சேர்வதற்கு முன்பே மற்றதையெல்லாம் சேர்க்கப் பார்ப்பது. கீழே உள்ள பல பதில்கள் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்.

சீட்டுப் பெயர்களை இங்கே நம்மூர் வழக்கப்படியே எழுதியிருக்கிறோம்: ஸ்பேடு, ஆட்டின், டைமன், கிளாவர், ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி. பள்ளிக்கூட ஆங்கிலத்தில் இல்லாத ஆட்டினும் கிளாவரும் எங்கிருந்து வந்தன என்று யோசிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: டச்சு மொழியில் அந்த இனங்களுக்கு ஹார்ட்டன், க்ளாவர் என்றே பெயர்.

எத்தனை பேர் ஆடலாம்? எத்தனை கட்டு வேண்டும்?

இரண்டு பேர் முதல் ஆறு பேர் வரை இரண்டு கட்டு போதும். ஒரு கட்டுக்கு 52 சீட்டும் ஒரு ஜோக்கரும் வைத்துக்கொண்டால் மொத்தம் 106. பெட்டியில் கூடுதலாக வரும் ஜோக்கர்களை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள்.

நாலு பேர் உட்கார்ந்தால்தான் ஆட்டம் ருசிக்கும். பங்கிட்ட பிறகு நடுவில் 52 சீட்டு மிஞ்சும், எல்லோருக்கும் எடுத்துப் பார்க்க நேரம் கிடைக்கும். ஆறு பேர் என்றால் கையில் போவது 78, திறந்த சீட்டும் ஜோக்கரும் போக நடுவில் மிஞ்சுவது 26தான். ஆளுக்கு ஐந்து முறை எடுப்பதற்குள் கட்டு தீர்ந்துவிடும். ஏழாவது ஆள் வந்துவிட்டால் மூன்றாவது கட்டைப் பிரியுங்கள்.

எந்தக் கட்டு வாங்குவது?

இரண்டு கட்டும் ஒரே நிறுவனம், ஒரே முதுகு நிறம். வீட்டில் கிடக்கிற சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று என்று கலந்தால் எதிராளி கையில் இருப்பது எந்தக் கட்டுச் சீட்டு என்று முதுகைப் பார்த்தே தெரிந்துவிடும். சிவப்பு முதுகு ஆட்டின் 6 கீழே விழுந்தபின், மிச்சமிருக்கும் ஆட்டின் 6 நீல முதுகில்தான் வர வேண்டும் அல்லவா?

காகிதச் சீட்டு மலிவு, ஆனால் வியர்வைக் கையில் ஒரு மாதத்தில் மூலை மடிந்து அடையாளம் பிடித்துவிடும். அடிக்கடி ஆடுபவர்கள் பிளாஸ்டிக் கட்டு வாங்குவது நல்லது. ஆடத் தொடங்கும் முன் இனத்துக்கு 13 என்று எண்ணிவிடுங்கள். ஒரு சீட்டு தொலைந்திருந்தால் ஓரமாக வைத்த கூடுதல் ஜோக்கரின் முகத்தில் பேனாவால் ‘கிளாவர் 4’ என்று எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். முதுகில் மை படக்கூடாது.

சீட்டை எப்படிக் கலைப்பது? எங்கள் ஆட்டத்தில் எப்போதும் சீட்டு கொத்துக் கொத்தாக வருகிறதே?

ரம்மியில் இது உண்மையான தொல்லை. ஆட்டம் முடியும்போது எல்லோரும் 4-5-6, ராஜா-ராஜா-ராஜா என்று அடுக்கிவைத்த சீட்டையே வாரிக் கட்டில் சேர்க்கிறோம். கையில் வைத்துக்கொண்டு மேலிருந்து கொஞ்சம் கீழிருந்து கொஞ்சமாக உருவிப் போட்டால் அந்தக் கொத்துகள் உடையாது, இடம்தான் மாறும்.

முதலில் 106 சீட்டையும் பாயில் முகம் கீழாகப் பரப்பி, இரண்டு கையாலும் மாவு பிசைவதுபோல ஒரு நிமிடம் வட்டமாகக் கலையுங்கள். பிறகு சேர்த்து இரண்டு பாதியாக்கி, விளிம்பைக் கட்டைவிரலால் மடக்கிச் சரசரவென்று ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்துவிடுங்கள். ஒரே கட்டான 52 சீட்டு நன்றாகக் கலைய இப்படி ஏழு முறை கோக்க வேண்டும் என்று டேவ் பேயர், பெர்சி டயாகோனிஸ் என்ற இரண்டு கணிதவியலாளர்கள் 1992இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். இரண்டு கட்டுக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். அவ்வளவு பொறுமை யாருக்கும் இருக்காது என்பதால்தான் முதலில் பாயில் பரப்பச் சொல்கிறோம்.

பங்கிடுவதிலிருந்து ஆட்டம் எப்படி நகர்கிறது?

ஆளுக்கொரு சீட்டு எடுங்கள். சின்ன எண் எடுத்தவர் முதலில் போடுபவர். அவர் கலைத்ததும் பக்கத்தில் இருப்பவர் கட்டை வெட்டித் தருவார். ஒவ்வொன்றாக, சுற்றிச் சுற்றி ஆளுக்கு 13. மூன்று மூன்றாகப் போட்டால் வேகம்தான், ஆனால் முன் சொன்ன கொத்து அப்படியே ஒருவர் கைக்குப் போய்விடும்.

அடுத்த சீட்டைத் திருப்பித் திறந்து வைக்கிறோம். மிச்சக் கட்டிலிருந்து ஒன்றை உருவி, அதையும் திருப்பிக் கட்டுக்கு அடியில் குறுக்காகச் செருகுகிறோம். அதுதான் இந்த ஆட்டத்தின் ஜோக்கர். அச்சடித்த ஜோக்கரே அங்கே வந்துவிட்டால் அந்த ஆட்டத்துக்கு ஏஸ்தான் ஜோக்கர்.

முறை வரும்போது செய்ய வேண்டியது இரண்டே வேலை: மூடிய கட்டின் மேல் சீட்டையோ திறந்த சீட்டையோ எடுப்பது, பிறகு கையிலிருந்து ஒன்றைக் கீழே போடுவது. கையில் எப்போதும் 13 இருக்க வேண்டும். போடுபவருக்கு அடுத்தவர் முதலில் ஆடுவார். இடம் சுற்றா வலம் சுற்றா என்பது ஊருக்கு ஊர் மாறும், உட்காரும்போதே சொல்லிவிடுங்கள்.

ஜெயிக்க என்ன சேர்க்க வேண்டும்?

13 சீட்டும் ஏதாவது ஒரு கூட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். அவற்றில் குறைந்தது இரண்டு கூட்டம் வரிசையாக இருக்க வேண்டும். அந்த இரண்டில் ஒன்றாவது ஒரிஜினலாக, அதாவது ஜோக்கர் துணை இல்லாமல் ஒரே இனத்தில் அடுத்தடுத்த எண்களாக, இருந்தே தீர வேண்டும். இவற்றை ஃபர்ஸ்ட் லைஃப், செகண்ட் லைஃப் என்றும் சொல்வார்கள். மற்றக் கூட்டங்கள் வரிசையாகவும் இருக்கலாம், செட்டாகவும் இருக்கலாம்.

வரிசையில் ஏஸ் இரண்டு பக்கமும் நிற்கும். ஏஸ்-2-3 சரி, ராணி-ராஜா-ஏஸ் சரி. ராஜா-ஏஸ்-2 செல்லாது.

இன்னொரு சின்னக் கணக்கை யாரும் முதலில் சொல்லித்தருவதில்லை. மும்மூன்றாக நாலு கூட்டம் சேர்த்தால் 12தான். பதின்மூன்றாவது சீட்டுக்காக ஏதாவது ஒரு கூட்டம் நாலாக வேண்டும். அதனால் ஒரு பக்கம் அடைபட்ட வரிசையைவிட இரண்டு பக்கமும் நீளக்கூடிய வரிசைக்கு மதிப்பு அதிகம். ஸ்பேடு 4-5-6 இருந்தால் 3, 7 இரண்டில் எது வந்தாலும் ஒட்டிக்கொள்ளும். ஏஸ்-2-3க்கு 4 ஒன்றுதான் வழி.

செட்டில் எல்லோரும் செய்யும் தப்பு எது?

செட் என்பது ஒரே எண், வெவ்வேறு இனம்: மூன்று சீட்டு, அல்லது அதிகபட்சம் நாலு. இரண்டு கட்டு ஆடுவதால் ஸ்பேடு 7 இரண்டு வரும். ஸ்பேடு 7, ஸ்பேடு 7, டைமன் 7 என்று அடுக்கிவிட்டு ‘ஷோ’ (கை சேர்ந்துவிட்டது) என்று சத்தம் போட்டால் அது தவறான ஷோ. ஒரே சீட்டு கையில் இரண்டு வந்தால் அதை ஜோடி என்று நினைக்காதீர்கள். ஒன்று வரிசைக்கு உதவும், மற்றொன்று சுமை.

ஜோக்கரை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது?

அடியில் செருகிய சீட்டு கிளாவர் 9 என்றால் நாலு இனத்து 9களும் அந்த ஆட்டத்தில் ஜோக்கர். இரண்டு கட்டில் எட்டு 9. ஒன்று அடியில் மாட்டிக்கொண்டதால் ஏழு. அச்சு ஜோக்கர் இரண்டையும் சேர்த்தால் ஆட்டத்தில் ஒன்பது ஜோக்கர். நாலு பேர் ஆடினால் கைக்கு ஒன்று வருவதே நியாயம். இரண்டு வந்தால் நல்ல கை, மூன்று வந்தால் முகத்தில் காட்டிக்கொள்ளாதீர்கள்.

ஒரிஜினல் தவிர எங்கு வேண்டுமானாலும் ஜோக்கரை வைக்கலாம். ஆனால் ஆட்டின் 8-9-10 என்று சொந்த இடத்திலேயே 9 உட்கார்ந்தால் அது ஜோக்கராக வேலை செய்யவில்லை, வெறும் 9. அந்த வரிசை ஒரிஜினல்தான்.

நன்றாக ஆடத் தெரிந்தவர்கூட அவசரத்தில் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. எல்லாம் சேர்ந்து ஒரு ஜோக்கர் உபரியாகக் கையில் நிற்கும்; கிடைத்த இடத்தில் ஒட்டுவோம் என்று ஸ்பேடு 4-5-6 பக்கத்தில் வைத்துவிடுவார். அந்த நிமிடமே அது ஒரிஜினல் என்ற பெயரை இழந்துவிடுகிறது. கையில் வேறு ஒரிஜினல் இல்லையென்றால் 80. உபரி ஜோக்கரை இரண்டாவது வரிசையிலோ மூன்று சீட்டு செட்டிலோதான் சேர்க்க வேண்டும்.

கீழே விழுந்த ஜோக்கரை எடுக்கலாமா?

ஆட்டத் தொடக்கத்தில் திருப்பி வைத்த முதல் சீட்டே ஜோக்கராக இருந்தால் முதல் ஆட்டக்காரர் எடுக்கலாம். அதன்பின் ஒருவர் போட்ட ஜோக்கரை அடுத்தவர் எடுக்க முடியாது. மூடிய கட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். இதனால் ஜோக்கரைக் கீழே போடுவது எதிராளியைத் தடுக்கும் ஆயுதமாகவும் பயன்படும், ஆனால் அதற்கான தேவை அபூர்வம்.

புள்ளிக் கணக்கு எப்படி?

ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி தலா 10. எண் சீட்டுக்கு அதன் எண். ஜோக்கருக்கு 0. ஜெயித்தவருக்கு 0, மற்றவர்களுக்குக் கையில் சேராமல் நின்ற சீட்டின் கூட்டுத்தொகை. எவ்வளவு போனாலும் 80ஐத் தாண்டாது.

எது ‘சேராத சீட்டு’ என்பதில்தான் சண்டை வரும். ஒரிஜினல் இல்லையென்றால் எதுவுமே சேர்ந்ததாகக் கணக்கில்லை. கையில் அழகழகாக மூன்று செட் இருந்தாலும் எல்லாம் எண்ணப்படும். ஒரிஜினல் மட்டும் இருந்து இரண்டாவது வரிசை இல்லையென்றால் ஒரிஜினலை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை எண்ண வேண்டும். இரண்டு வரிசையும் இருந்தால் மட்டுமே செட்டுகளும் தப்பிக்கும்.

ஒரு கையை வைத்து விளக்க முடியுமா?

ஜோக்கர் கிளாவர் 9. உங்களுக்கு வந்த கை:

ஸ்பேடு 4, 5, 8
ஆட்டின் 9, ஜாக்கி, ராணி
டைமன் 2, 7, ராஜா
கிளாவர் 7, 10, ராஜா
அச்சு ஜோக்கர் ஒன்று

இரண்டு ஜோக்கர் இருப்பதால் பார்க்கத் தெம்பாக இருக்கும். ஆனால் இப்போதே யாராவது ஷோ சொன்னால் உங்கள் கணக்கு: ஸ்பேடு 17, ஆட்டின் 20 (9 ஜோக்கர் என்பதால் சேராது), டைமன் 19, கிளாவர் 27. மொத்தம் 83, எழுதுவது 80.

ஒரிஜினலுக்கு இரண்டு இடம் திறந்திருக்கிறது. ஸ்பேடு 4-5க்கு 3 அல்லது 6. ஆட்டின் ஜாக்கி-ராணிக்கு 10 அல்லது ராஜா; அதிலும் 10 வந்தால் 9-10-ஜாக்கி-ராணி என்று நாலு சீட்டு ஒரிஜினலே அமையும். ஒவ்வொன்றும் கட்டில் இரண்டிரண்டு என்பதால் மொத்தம் எட்டுச் சீட்டு உங்களுக்கு உதவும். ஆட வேண்டிய கை இது.

முதலில் எதைப் போடுவது? கிளாவர் 10. பக்கத்தில் துணை இல்லை, பத்துப் புள்ளி, அதோடு 9 ஜோக்கராக இருப்பதால் எதிராளி கையில் கிளாவர் 8-9-10 என்றோ 9-10-ஜாக்கி என்றோ கட்டும் வாய்ப்பும் குறைவு. டைமன் 2ஐப் போடலாமே என்று கை போகும். அதன் பாரம் இரண்டே புள்ளி, அவசரமில்லை.

இப்போது ஸ்பேடு 6 வந்துவிட்டது என்று வையுங்கள். 4-5-6 ஒரிஜினல். ஜாக்கி-ராணியோடு அச்சு ஜோக்கரைச் சேர்த்தால் இரண்டாவது வரிசை. ஆட்டின் 9ஐ இரண்டு ராஜாவோடு சேர்த்தால் செட். மிச்சம் ஸ்பேடு 8, டைமன் 2, இரண்டு 7: மொத்தம் 24. ஒரே ஒரு சீட்டு 80ஐ 24 ஆக்கிவிட்டது. ஆட்டின் 9ஐ 7களோடு வைத்திருந்தால் மிச்சம் 30. கணக்கு முடியும்போது ஜோக்கரைப் பெரிய சீட்டோடு வைப்பதுதான் லாபம்.

எந்தச் சீட்டை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

துணை தேடும் வழியை எண்ணிப் பாருங்கள். 6-7 கையில் இருந்தால் 5, 8 என இரண்டு எண், இரண்டு கட்டு: நாலு சீட்டு உதவும். 6-8 இருந்தால் 7 மட்டும், இரண்டே சீட்டு. ஏஸ்-2, ராஜா-ஏஸ் இரண்டும் அதே கதிதான். வெவ்வேறு இனத்து 7 இரண்டு இருந்தால் மற்ற இரண்டு இனத்து 7கள், நாலு சீட்டு. ஆனால் அது செட்டுக்குத்தான் உதவும், ஒரிஜினலுக்கு உதவாது.

ராணி பாவம், பெரிய சீட்டு என்று எல்லோரும் முதலில் எறிவார்கள். 10-ஜாக்கி-ராணி, ஜாக்கி-ராணி-ராஜா, ராணி-ராஜா-ஏஸ் என்று மூன்று வரிசையில் அவளுக்கு இடமுண்டு. ராஜாவுக்கும் ஏஸுக்கும் 2க்கும் இரண்டிரண்டுதான். துணையில்லாத பெரிய சீட்டில் ராஜா, ஏஸ் முதலில் போகட்டும். ராணி ஒரு சுற்று தங்கலாம்.

ஜோக்கரை ஒட்டிய எண்களையும் கவனியுங்கள். ஜோக்கர் 7 என்றால் கையில் உள்ள 5-6க்கு நடைமுறையில் 4 மட்டும்தான் வழி, 7ஐ யாரும் கீழே போடமாட்டார்கள். அதே காரணத்தால் நீங்கள் 6, 8 போடுவது மற்றவர்களுக்கு அவ்வளவாக உதவாது.

பெரிய ஜோடிகளை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதில் ஒவ்வொருவர் கணக்கு ஒவ்வொன்று. ஒரிஜினல் சேர்ந்துவிட்டால் பொறுக்கலாம். சேராவிட்டால் மூன்றாவது சுற்றுக்குள் கழற்றிவிடுவது உத்தமம்.

எதிராளி கையில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

எல்லோரையும் கவனிக்க வேண்டாம். நீங்கள் போடும் சீட்டை எடுக்கக்கூடியவர் உங்களுக்கு அடுத்து ஆடுபவர் மட்டுமே. அவர் எதை எடுக்கிறார், எதைப் போடுகிறார் என்று மனதில் ஓடினால் போதும். அவர் டைமன் ஜாக்கியைத் திறந்த அடுக்கிலிருந்து எடுத்தால் டைமன் 9, 10, ராணி, ராஜாவையும் மற்ற ஜாக்கிகளையும் அவருக்குத் தராதீர்கள். அவரே கிளாவர் 5 போட்டிருந்தால் இன்னொரு கிளாவர் 5 பயமில்லாமல் போகலாம்.

இதே கண்ணால் உங்களுக்கு முன் ஆடுபவர் உங்களைப் பார்ப்பார். அதைத் திருப்பிப் பயன்படுத்துவதுதான் தூண்டில். ஆட்டின் 8, டைமன் 8, கிளாவர் 9 கையில் இருக்கிறது. தேவை கிளாவர் 8. கிளாவர் 9ஐக் கீழே போடுங்கள். ‘இவருக்குக் கிளாவரில் அந்தப் பக்கம் வேலையில்லை’ என்று நினைத்து அவர் கிளாவர் 8ஐ இறக்க வாய்ப்புண்டு. 9 ஜோக்கராக இருக்கும் ஆட்டத்தில் இதைச் செய்யமாட்டீர்கள் என்று நம்புகிறோம்.

திறந்த அடுக்கிலிருந்து அடிக்கடி எடுப்பது உங்கள் கையை ஊருக்கே படித்துக் காட்டுவது போல. ஒரிஜினலை முடிக்கும் சீட்டு என்றால் யோசிக்காமல் எடுங்கள். வெறும் ஜோடி சேர்க்க என்றால் மூடிய கட்டே மேல்.

டிராப் எப்போது செய்வது?

உங்கள் முதல் முறையில், சீட்டு எடுக்கும் முன்பே கையைக் கவிழ்த்துவிட்டால் 20 புள்ளி. அதற்குப் பிறகு, உங்கள் முறை வரும்போது எடுப்பதற்கு முன் விலகினால் 40. சில ஊரில் இதை ஸ்கூட், மிடில் ஸ்கூட் என்பார்கள். 201 புள்ளி வரை ஆடும் ஆட்டத்தில் 25, 50 என்று வைப்பது வழக்கம்.

கையில் ஜோக்கரும் இல்லை, 6-7 போல இரண்டு பக்கமும் திறந்த ஜோடி ஒன்றுகூட இல்லையென்றால் டிராப் செய்யுங்கள். இரண்டும் இல்லாத கையை ‘பார்ப்போமே’ என்று இழுப்பவர்தான் 80 வாங்குவார். ஆனால் டிராப்பே தொழிலாக வைத்துக்கொண்டாலும் பிழைக்க முடியாது: 101 ஆட்டத்தில் ஐந்து டிராப்பில் 100 ஆகிவிடும், ஆறாவதுக்கு வெளியே.

101, 201 என்றால் என்ன? வெளியேறியவர் திரும்ப வரலாமா?

ஆட்டத்துக்கு ஆட்டம் புள்ளியைக் கூட்டிக்கொண்டே போகிறோம். 101ஐ (அல்லது 201ஐ) எட்டியவர் வெளியே, கடைசியில் நிற்பவர் வெற்றி. திரும்ப வர விடுவதாக இருந்தால், மேசையில் இருப்பவர்களில் அதிகப் புள்ளி எடுத்தவரைவிட ஒன்று கூட வைத்துக்கொண்டு வர வேண்டும். 101 ஆட்டத்தில் அந்த அதிகப் புள்ளி 79க்கு மேல் போயிருக்கக் கூடாது; 201இல் 174. இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று பலருக்கும் புரிவதில்லை. 80 புள்ளியோடு உள்ளே வந்தவர் ஒரு டிராப் செய்தால் 100. 175இல் வந்தவர் 25 சேர்த்தால் 200. வந்த உடனே ஒரு கை சரியில்லாமல் போனாலும் அவர் உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஷோ எப்படிச் சொல்வது? தப்பாகிவிட்டால்?

சீட்டு எடுத்ததும் கையில் 14 இருக்கும். வேண்டாத ஒன்றை முகம் கீழாகத் தனியாக வைத்து ‘ஷோ’ சொல்லி, 13ஐயும் கூட்டம் கூட்டமாகப் பிரித்து வையுங்கள். வைக்கும் முன் வாய்க்குள் ஒரு முறை எண்ணுங்கள்: ஒரிஜினல், இரண்டாவது வரிசை, மற்றவை, மொத்தம் 13.

தவறான ஷோவுக்கு 80. மற்றவர்களுக்கு 0 எழுதி ஆட்டத்தை முடிப்பதா, அவரை மட்டும் விலக்கிவிட்டு மீதிப்பேர் தொடர்வதா என்பது வீட்டுக்கு வீடு மாறும். முடிவெடுக்க வேண்டியது ஆட்டம் தொடங்கும் முன்.

சரியான ஷோ வந்ததும் மற்றவர்கள் கையில் உள்ளதை அடுக்கிக் காட்டலாம். ஜெயித்தவர் வைத்த வரிசையில் உங்கள் சீட்டை ஒட்டவைக்க முடியாது.

எடுத்த சீட்டைத் திருப்பி வைக்கலாமா? ஒருவர் கையில் 14 இருந்தால்?

மூடிய கட்டில் விரல் பட்டுச் சீட்டைத் தூக்கிவிட்டால் எடுத்ததுதான். கீழே போட்டு விரலை எடுத்துவிட்டால் போட்டதுதான். இந்த இரண்டையும் கறாராக வைத்தால் பாதி வாக்குவாதம் வராது.

எண்ணிக்கை தவறு முதல் சுற்று முடியும் முன் தெரிந்தால் மறுபடி கலைத்துப் போடுங்கள். பிறகு தெரிந்தால் பெரும்பாலானோர் அந்த ஆளுக்கு 40 எழுதி விலக்குவார்கள். அதனால் கையை விரித்துப் பார்ப்பதற்கு முன் எல்லோரும் 13 எண்ணிக்கொள்வது நல்ல பழக்கம். மூடிய கட்டு தீர்ந்தால் திறந்த அடுக்கின் மேல் சீட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கலைத்துக் கவிழ்க்க வேண்டும்.

ஒன்றுமே தெரியாத நண்பருக்கு எப்படிச் சொல்லித்தருவது?

விதியை முழுக்க ஒப்பிக்காதீர்கள். முதல் ஆட்டம் ஜோக்கரே இல்லாமல், ஆளுக்கு ஏழு சீட்டு, ஒரு வரிசையும் ஒரு செட்டும் சேர்த்தால் வெற்றி. இரண்டு சுற்றிலேயே எடுப்பதும் போடுவதும் கைக்கு வந்துவிடும். அடுத்தது பதின்மூன்று சீட்டு, எல்லோர் கையும் பாயில் திறந்தபடி. ஒவ்வொரு முறையும் ஏன் இதை எடுத்தேன், ஏன் அதைப் போட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லி ஆடுங்கள். மூன்றாவதில்தான் ஜோக்கர். புள்ளி எழுதுவது அதற்கப்புறம்.

கையைப் பிடிக்கும் விதமும் சொல்லித்தர வேண்டும். புதியவர்கள் சீட்டை எண் வரிசையில் அடுக்குவார்கள், அதனால் செட்டுதான் கண்ணில் படும். இனவாரியாக, கறுப்பு சிவப்பு மாறிமாறி அடுக்கச் சொல்லுங்கள்: ஸ்பேடு, ஆட்டின், கிளாவர், டைமன். ஆட்டினும் டைமனும் ஒட்டி நின்றால் ஆட்டின் 5, டைமன் 6, ஆட்டின் 7 என்ற ‘ஒரிஜினலோடு’ ஷோ வரும்.

பணம் வைத்து ஆடலாமா?

இங்கே சொல்வது புள்ளிக்காக ஆடும் ஆட்டத்தை. சட்டம் கேட்பவர்களுக்கு: ஆந்திரப் பிரதேச அரசுக்கும் கே. சத்தியநாராயணாவுக்கும் இடையிலான வழக்கில் 1968இல் உச்ச நீதிமன்றம், ரம்மி பெரிதும் திறமையைச் சார்ந்தது, விழும் சீட்டை நினைவில் வைக்கவும் எதை வைத்து எதை விடுவது என்று தெரியவும் வேண்டும், மூன்று சீட்டு ஆட்டம் போன்றதல்ல என்றது. இடத்தைக் கொடுப்பவர் ஆட்டத்தில் லாபம் பார்த்தால் குற்றமாகலாம் என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. இணையத்தில் பணம் கட்டி ஆடுவது வேறு கதை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் அதைத் தடை செய்கிறது. பாயில் உட்கார்ந்து ஆடுபவர்களுக்குப் புளியங்கொட்டை போதும், தோற்றவர் டீ வாங்கட்டும்.

நடுவில் ஒருவர் கிளம்ப வேண்டியதாகிவிட்டால்?

அப்போது ஓடும் ஆட்டத்தில் அவர் மிடில் டிராப், 40. அவர் கைச்சீட்டை யாரும் பார்க்காமல் கவிழ்த்து ஓரமாக வையுங்கள். மூடிய கட்டில் கலந்துவிட்டால் இதுவரை விழுந்த சீட்டை நினைவில் வைத்திருந்தவர் கணக்கு கெட்டுவிடும். அடுத்த ஆட்டத்திலிருந்து அவர் இடத்தில் இன்னொருவர் உட்காருவதானால் பழையவர் புள்ளியோடுதான் உட்கார வேண்டும்.